நான் எழுந்தேன், பெயர் மாறியது

வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் நான் வாக்கெடுப்பில் வென்றிருக்கிறேன். அந்த வெற்றியை என் வீட்டார் இன்னும் மன்னிக்கவில்லை. தோல்வியுற்றவனைத் தேற்றுவதற்கு நம் மொழியில் எத்தனையோ சொற்கள் உள்ளன. தகுதியின்றி வென்றவனைத் தேற்ற ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஞானசிகாமணி. தாம்பரத்துப் பள்ளியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது செம்பாக்கத்தில், மனைவி, மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகளோடு. ஊரார் என்னைத் ‘தமிழ் சார்’ என்று அழைப்பர். (தமிழையும் சாரையும் அருகருகே நிறுத்தாதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “சரிங்க தமிழ் சார்” என்பார்கள்.) திருமண அழைப்பிதழ் வந்தால் முதலில் சிவப்பு மையைத் தேடுவேன், திருத்தி முடித்த பிறகே நாளையும் நேரத்தையும் பார்ப்பேன். செம்பாக்கத்தில் ஒரு கல்லை எறிந்தால் அது என் மாணவர் எவரேனும் ஒருவர்மீது விழும். விழுந்த கணத்தில் அவர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொல்வார்.

ஏனெனில் என் வகுப்பில் ஒரு முறைமை இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தால் வகுப்பு முழுவதும் எழ வேண்டும். நான் கையமர்த்தும் வரை எவரும் அமரக் கூடாது. இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் மறந்துபோனேன். அதன் விளைவே இக்கட்டுரை.

செம்பாக்கத்திற்கும் மேடவாக்கத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு சிற்றேரி உண்டு. அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாயில், சில ஆண்டுகளாக, விடியற்பொழுதில் கழிவுநீர் ஊர்திகள் வந்து தம் வயிற்றைக் காலிசெய்துவிட்டுப் போயின. (கழிவுநீர் ஊர்தி என்று நான் எழுதினாலும் நீங்கள் லாரி என்றே படிப்பீர்கள் என்பதை அறிவேன்.) ஏரிக்கரையில் கீரை பயிரிட்டு, மொபெட்டில் தெருத்தெருவாக விற்பவர் அஞ்சலை. ஐம்பது வயது இருக்கும். ஏரி கெட்டால் அவருடைய கீரை கெடும்; கீரை கெட்டால் அவருக்கு வேறு தொழில் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பதினைந்து பேர் கூடி அலுவலகம் ஒன்றில் மனுக் கொடுக்கச் சென்றோம். அங்கிருந்த எழுத்தர், எங்கள் கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மிக நயமாக எடுத்துரைத்தார். நானும் அவருடைய சொல்நயத்தில் மயங்கி நின்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து அஞ்சலையின் குரல் எழுந்தது.

“ஃபைலு கெடக்கட்டும் சார். ஏரி இன்னாச்சு? அத்த சொல்லு.”

எழுத்தர் மீண்டும் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். அன்று மாலையே என் பழைய மாணவர் ஜெபராஜ் ஓர் இணையதளம் தொடங்கினார். அவருக்கு நாற்பது வயது. மேடவாக்கத்து அடுக்ககத்தில் வாழும் கணினிப் பொறியாளர். தளத்தின் பெயர்: ‘ஏரி இன்னாச்சு’. முகப்பில் அந்தக் கேள்வி பெரிய எழுத்தில் நிற்கும். அதன்கீழ் அன்றைய விடை இருக்கும்: “இன்று காலை இரண்டு லாரி. போட்டோ கீழே.” ஊர்தியைக் காண்பவர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். தேர்தல் வந்தால், வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், “ஏரி இன்னாச்சு?” என்று கேட்டு அவர் திகைப்பதைப் படமாக்கித் தளத்தில் ஏற்றுவார்கள். ஒரு வேட்பாளர் எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டு மற்றத் தெருக்களில் கைகூப்பிச் சென்றார். ஷேர் ஆட்டோக்களின் முதுகிலும் தேநீர்க் கடைகளின் கண்ணாடியிலும் அந்தப் பெயர் ஒட்டப்பட்டது. அலுவலகத்தார் தொல்லை தாங்காமல், கால்வாயை நேரில் ஆய்வு செய்ய ஒரு நாளும் குறித்துவிட்டனர்.

எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அந்தத் தளத்திற்கு நான் அறிவுரையாளன். ஒரு நாளும் எவரும் என்னிடம் அறிவுரை கேட்டதில்லை என்பதால் அதுவும் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

இடையூறு குரோம்பேட்டையில் ஒரு திருமண வரவேற்பில் தொடங்கியது. மேடையில் வாழ்த்துரை வழங்க என்னை அழைத்த இளைஞர், “அடுத்து, ஏரி இன்னாச்சு புகழ் ஞானசிகாமணி சார்!” என்றார். மண்டபமே கைதட்டிற்று. கீழே இறங்கியதும் என்னோடு பணியாற்றிய மற்றொரு தமிழாசிரியர் செல்லத்துரை என் தோளில் கைவைத்தார்.

“என்ன ஞானம், பணியிலிருந்து நீ மட்டும் ஓய்வு பெற்றாய் என்றல்லவா எண்ணியிருந்தேன். உன் தமிழும் சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டதோ?”

அன்று பரிமாறிய பிரியாணி என் தொண்டையில் இறங்கவில்லை. (இறங்கியது, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். ஆனால் மகிழ்வின்றி உண்டேன்.)

வீடு திரும்பியதும் என் மனைவி ரோஸ்லினிடம் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றேன். ரோஸ்லின் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவள்.

“என்னங்க, பேரு நல்லாத்தானே இருக்கு. எல்லாருக்கும் தெரியுதே.”

“தெரிவது வேறு ரோஸ்லின், தகுதி வேறு. ஓர் அதிகாரி இப்பெயரை மனுவின் தலைப்பில் கண்டால் நம்மை மதிப்பாரா?”

“யாருக்கும் தெரியாத தகுதிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருந்தது. இப்போது நினைவில்லை.

எங்கள் தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்குப் பின், கூட்டம் கூட்டினேன். நாற்பத்து நான்கு பேர் வந்தனர். பாதிக்கு மேல் என் மாணவர்கள். மருந்துக் கடைக்காரர், வங்கி ஊழியர், மூன்று ஆட்டோ ஓட்டுநர்கள், ஒரு பல் மருத்துவர் என எல்லாத் துறையிலும் என் கைவண்ணம் பரவியிருந்தது. அஞ்சலை கீரைக் கூடையோடு வந்து கதவருகே அமர்ந்தார்.

நான் முன்மொழிந்த பெயர் ‘தென்சென்னைப் புறநகர் நீர்நிலை நலங்காப்புப் பேரவை’. அதன் சொல்லழகையும், ஓசை நயத்தையும், கம்பீரத்தையும் நாற்பது மணித்துளிகள் விளக்கினேன். பேச்சின் நடுவே ஜெபராஜ் எழுந்தார்.

“சார், பேரு சூப்பர் சார். ஆனா கொஞ்சம் நீளமா இருக்கு. ஜனங்க போன்ல டைப் பண்ணணும். இங்கிலீஷ் எழுத்துல போட்டா கிட்டத்தட்ட அம்பது எழுத்து வருது.”

“நீளமான எதையும் நீ படித்ததே இல்லையா ஜெபராஜ்?”

“படிச்சிருக்கேன் சார்” என்று அமர்ந்துவிட்டார். நாற்பது வயதுப் பொறியாளர் ஒன்பதாம் வகுப்பு மாணவராவதற்கு அரைக் கணம் போதுமானதாக இருந்தது. அதை ஒப்புதல் என்று நான் கருதிக்கொண்டேன்.

கதவருகிலிருந்து அஞ்சலை கேட்டார்: “இருக்கற பேருக்கு இன்னா கொறச்சலு சார்?”

“குறையொன்றும் இல்லை அஞ்சலை. ஆனால் அதிகாரிகள் மதிக்க வேண்டுமல்லவா?”

“மதிச்சுத்தான சார் வரேன்னு தேதி குடுத்துக்கீறாங்க?”

“மதிப்பில் படிநிலைகள் உள்ளன” என்று தொடங்கி மேலும் பத்து மணித்துளிகள் பேசினேன். அஞ்சலை பாதியில் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிவிட்டார்.

இறுதியில் தீர்மானத்தை வாசித்தேன். “இப்பெயரை ஏற்போர் எழுந்து நிற்க!” என்றேன். சொன்ன வேகத்தில், உணர்ச்சி மிகுதியால், நானும் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

நாற்காலிகள் தரையில் உராயும் ஓசை கூடமெங்கும் எழுந்தது. பல் மருத்துவர் எழுந்தார். வங்கி ஊழியர் எழுந்தார். ஆட்டோ ஓட்டுநர் மூவரும் ஒரே அசைவில் எழுந்தனர். ஜெபராஜ் தன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தபடி எழுந்தார். என் மாணவர்கள் எழுவதைக் கண்டு மற்றவர்களும் எழுந்தனர். அஞ்சலை கூடையை ஓரம் தள்ளி, எழுந்து, கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டார். அவர் என் தமிழுக்கு இத்துணை உருகுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கண்கள் நனைந்தன.

அமர்ந்திருந்தவர் ஒரே ஒருவர். முன்வரிசையில் ரோஸ்லின் தன் மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாற்பத்து மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு” என்று அறிவித்துக் கையமர்த்தினேன். அனைவரும் அமர்ந்தனர்.

பிற்பாடு நான் அறிந்துகொண்ட உண்மை இது. மாணவர்கள் எழுந்தது நான் எழுந்ததனால். மற்றவர்கள் எழுந்தது, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் எழுந்தால் அது இறைவேண்டல் என்று அவர்கள் அறிந்திருந்ததனால். அஞ்சலையை ஒருமுறை கேட்டபோது, “நீ இன்னாத்துக்கு நின்னேன்னு எனக்கு இன்னா தெரியும்? ஜெபம்னு நெனச்சேன் சார். கீர நல்லா வரணும்னு வேண்டிகினேன்” என்றார். அந்தக் கூடத்தில் என் தீர்மானத்தைத் தீர்மானமாகக் கேட்டவள் என் மனைவி மட்டுமே.

மறுநாள் ஜெபராஜை அழைத்துப் பழைய முகவரியை அழித்துவிடச் சொன்னேன்.

“ரெண்டும் இருக்கட்டுமே சார்?”

“ஒரு வீட்டிற்கு இரண்டு வாசல் எதற்கு?”

“சரி சார்” என்றார். (தம் அடுக்ககத்திற்கு நான்கு வாசல்கள் இருப்பதை அப்போதே சொல்ல எண்ணியதாகவும், நா எழவில்லை என்றும் பின்னர் சொன்னார்.) புதிய பெயரில் அலுவலகத்திற்கு அறிமுக மின்னஞ்சல் சென்றது, பதாகையும் எழுதப்பட்டது. என் வீட்டுக் கூடத்தின் சுவர் போதாமல், பதாகை மூலையில் மடங்கி அடுத்த சுவரிலும் சிறிது தூரம் சென்றது.

முதல் வாரம் தளத்திற்கு ஒரு படமும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரமும் அவ்வாறே. சிந்திக்கும் ஆற்றல் உள்ள எவரும் இந்த இடத்தில் ஐயுறுவர். நான் மகிழ்ந்தேன். பெயரின் கம்பீரத்தைக் கண்டே ஊர்திகள் ஓடிவிட்டன என்று முடிவு செய்தேன். ரோஸ்லின், “ஒரு தடவ ஏரிப்பக்கம் போய்ப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள். அன்று எனக்கு முழங்கால் வலி. எழுதுவதற்கு முழங்கால் தேவையில்லை ஆதலால், அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் ஒரு பகுதியை நாணத்தோடு இங்கே தருகிறேன்:

“தங்கள் மேலான கவனிப்பின் பயனாய், கடந்த மூன்று வாரங்களாக எமக்கு ஒரு முறையீடேனும் வந்திலது. மாசு நீங்கிய எம் ஏரி, நாணம் நீங்கிய மணமகள்போல் பொலிந்து விளங்குகின்றது.”

அஞ்சலில் சேர்த்துவிட்டு, அன்று மதியம் நன்றாக உறங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை அஞ்சலை வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கட்டு முளைக்கீரை. வேர் கருத்து, தண்டு குழைந்து, இலையில் ஒரு வாடை. கீரையை என் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்தார்.

“மோந்து பாரு சார்.”

முகர்ந்தேன்.

“டெய்லி மூணு லாரி வருது. முன்ன ஒண்ணு ரெண்டு வந்துகினு இருந்துச்சு, இப்ப கேக்க ஆளு இல்லன்னு மூணா ஆயிடுச்சு. பாதிப் பாத்தி அழுவிப் பூடுச்சு. வாங்கறவங்க நாலு பேரு வூட்ல வேணாம்ட்டாங்க. ‘ஏரி இன்னாச்சு’வ மூடிட்டாங்கன்னு ஆட்டோக்காருங்க சொல்றாங்க. நெசமா சார்?”

“மூடவில்லை அஞ்சலை. பெயரை மாற்றியிருக்கிறோம்.”

“இன்னா பேரு?”

சொன்னேன். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

“சரி சார். அது யாருக்குத் தெரியும்?”

ரோஸ்லின் கதவருகே நின்றிருந்தாள். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று அவள் சொல்லியிருக்கலாம். மாறாக, என் செருப்பை எடுத்து என் காலருகே வைத்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெபராஜை வரவழைத்துக்கொண்டு, அஞ்சலையோடு மூவரும் அலுவலகம் சென்றோம். முன்பு நாங்கள் சந்தித்த அதே எழுத்தர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க சார், வாங்க! உங்க லெட்டர் வந்துச்சு. என்ன தமிழ் சார் அது! எங்க மேடம் ரெண்டு தடவ படிச்சாங்க. ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கோம், பாருங்க.”

பார்த்தேன். பச்சைத் துணி போர்த்திய பலகையில், நான்கு மூலையிலும் ஊசி குத்தி, என் கடிதம் பொலிந்து விளங்கிற்று. அதன் கீழே எவரோ ‘அருமை’ என்றும் எழுதியிருந்தனர்.

“அந்தக் கடிதத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது” என்றேன்.

“பிழையா? உங்க லெட்டர்லயா? சும்மா சொல்லாதீங்க சார்” என்று அவர் என் பொருட்டு என்மீதே சினந்தார்.

“ஆய்வு எந்நாள் என்று கேட்க வந்தோம்.”

“அதான் கேன்சல் ஆயிடுச்சே. ஒரு புகாரும் இல்ல, ஏரி கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கிழம ஃபைல க்ளோஸ் பண்றோம். உங்க லெட்டர்தான் கடைசிப் பேப்பர்.”

அஞ்சலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படித்தவர் எழுதினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும், அது தனக்குத்தான் விளங்கவில்லை என்பது போன்ற பார்வை அது.

ஜெபராஜ் மெல்லக் கேட்டார்: “சார், ஏரி இன்னாச்சு தளத்துலேர்ந்து…”

எழுத்தர் நிமிர்ந்தார். “அட, நீங்க அவங்களா! அவங்க என்ன ஆனாங்கன்னு மேடம்கூடக் கேட்டாங்க. வாரத்துக்குப் பத்து போட்டோ அனுப்பி ஒரே பேஜார் பண்ணுவாங்க. அவங்க பேரப் பாத்தாலே ஃபைல எடுத்து மேல வெச்சுடுவோம், இல்லன்னா மறுநாள் நம்ம படமும் வந்துடும். வெள்ளிக்கிழமக்குள்ள அவங்ககிட்டேர்ந்து புதுப் புகார் வந்தா சொல்லுங்க, ஃபைல மூட முடியாது. ஆமா, நடுவுல ஏதோ பேரவைன்னு ஒண்ணு மெயில் அனுப்புது, படிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. அது யாரு சார்?”

“அதுவும் நாங்கதான்” என்றார் ஜெபராஜ். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மாணவர்.

வெளியே வந்ததும் ஜெபராஜ் இன்னோர் உண்மையைச் சொன்னார். “சார், கோவப்படாதீங்க. பழைய அட்ரஸ நான் அழிக்கல. பூட்டித்தான் வெச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு.”

வாழ்நாளில் ஒரு மாணவர் என் சொல்லை மீறியதற்காக நான் நன்றி சொன்னது அன்றுதான். அங்கேயே, ஒரு வேப்பமரத்தடியில் நின்று, அவர் பழைய வாசலைத் திறந்தார். ஆனால் திறந்திருக்கிறது என்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது? மூன்று வாரங்களாகப் பூட்டிய கடைக்கு எவர் மீண்டும் வருவார்? வெள்ளிக்கிழமைக்கு இடையில் நான்கு நாள்களே இருந்தன.

“நம்ம வண்டில மைக் கீதே சார்” என்றார் அஞ்சலை.

அவருடைய மொபெட்டின் முன்புறம் சிறிய ஒலிபெருக்கி ஒன்று உண்டு. ‘அரைக்கீரே, சிறுகீரே, மொளக்கீரே’ என்று பதிவு செய்த குரலில் அது நாள்தோறும் தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை கூவிச் செல்லும். அதில் செய்தியைச் சேர்த்துவிடலாம் என்றார்.

“ஜெபராஜ் பேசட்டும்” என்றேன்.

“அவுரு குரலு உள்ள போவுது சார். உன் குரலுதான் கணீர்னு கீது. மூடுனதும் நீ, தொறக்கறதும் நீயே தொற.”

நீதிமன்றங்களில்கூட இத்துணைச் சுருக்கமான தீர்ப்பைக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு முற்றத்தில் பதிவு தொடங்கியது. அஞ்சலை வண்டியில் அமர்ந்திருந்தார். நான் எதிரே நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்: “பெருமதிப்பிற்குரிய பகுதிவாழ் பொதுமக்களே…”

அஞ்சலை பொத்தானை அமுக்கி நிறுத்தினார். “சார், நீ பெருமதிப்ப முடிக்கறதுக்குள்ள நானு அடுத்த தெருவுக்குப் பூடுவேன்.”

ரோஸ்லின் அந்நேரம் ஒரு தாளில் ஏதோ கணக்கிட்டாள். “அஞ்சலை வண்டி ஒரு வீட்டு வாசலத் தாண்ட ஆறு செகண்ட் ஆகுதுங்க. அதுக்குள்ள விஷயம் முடியணும்.”

என் பேரவையின் பெயரை மட்டும் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து விநாடி பிடித்தது. எஞ்சிய ஒரு விநாடியில் எந்த ஏரியையும் காக்க இயலாது. ஒரு பெயர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, எந்த வேகத்தில், எவர் வாய்வழியாக என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அஞ்சலை அலுவலகத்தில் கேட்ட அந்தக் கேள்வி ஒரு விநாடிக்குள் அடங்கியது.

“ஏரி என்ன ஆயிற்று…” என்று மீண்டும் தொடங்கினேன்.

“இன்னாச்சு” என்றார் அஞ்சலை.

“ஏரி… இன்னாச்சு. மீண்டும் வந்திருக்கிறது…”

“வந்துகீது” என்றாள் ரோஸ்லின். அவளுக்கு இது எப்போது தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

“அழுத்தம் பத்தல சார். நீ கெஞ்சற மாதிரி கீது. கேக்கற மாதிரி கேளு. இன்னொரு தபா.”

ஏழு முறை சொன்னேன். ஏழு முறையும் அஞ்சலை திருத்தினார். எட்டாவது முறை, மூன்று வாரமாக அழுகிய கீரையை நினைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கேட்டேன்:

“ஏரி இன்னாச்சு? ஏரி இன்னாச்சு திரும்ப வந்துகீது! லாரியப் பாத்தா படம் புடி, அனுப்பு!”

“இது குரலு!” என்றார் அஞ்சலை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மையார் கைதட்டினார். அவருடைய இரு பிள்ளைகளுக்கும் நான் தமிழ் கற்பித்திருந்தேன்.

செவ்வாய் முதல் என் குரல், என்னை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே ஊர்வலம் சென்றது. என் மாணவர்களின் வாசல்கள், நான் சிவப்பு மையால் திருத்திய அழைப்பிதழ்களை அச்சிட்ட அச்சகம், தேவாலயத்து வாயில் என ஓரிடத்தையும் விட்டுவைக்கவில்லை. “படம் புடி, அனுப்பு, அரைக்கீரே, சிறுகீரே” என்று செய்தியும் கீரையும் இடைவெளியின்றி வந்ததால், இரண்டையும் நானே விற்பதாகச் சிலர் நம்பினர். இருவர் வீட்டிற்கு வந்து மணத்தக்காளி உண்டா என்று கேட்டனர்.

புதன்கிழமை செல்லத்துரை தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் மணியில்தான் எடுத்தேன்.

“ஞானம், சற்றுமுன் எங்கள் தெருவில் கீரை விற்றது உன் குரலா?”

“ஆம்.”

“எங்கள் தெருமுனையில் விடியற்காலையில் ஓர் ஊர்தி நிற்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும்? எழுத்து எழுத்தாகச் சொல்” என்றார். சொன்னேன். குறித்துக்கொண்டார். சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வியாழன் மாலைக்குள் படங்கள் வந்து குவிந்தன. ஆட்டோ ஓட்டுநர்கள் அனுப்பினர். பல் மருத்துவர் நடைப்பயிற்சியில் எடுத்து அனுப்பினார். வெள்ளி காலை அவற்றோடு என் இரண்டாம் கடிதத்தையும் எழுத்தரிடம் கொடுத்தேன். இரண்டே வரிகள்: “என் முந்தைய கடிதம் தவறு. ஏரியைப் பார்க்காமல் எழுதினேன்.” அவர் வருத்தத்தோடு அறிவிப்புப் பலகையிலிருந்து பழைய கடிதத்தை எடுத்தார். “இதுல அந்த மணமகளெல்லாம் இல்லியே சார்” என்றார்.

கோப்பு மூடப்படவில்லை. பத்து நாளில் அதிகாரிகள் வந்தனர். கால்வாய்க் கரையில் ஊர்தி இறங்கும் வழியை மறித்து இரும்புத் தடுப்பு வைத்தனர். அடுத்த பருவத்தில் அஞ்சலையின் பாத்தியில் கீரை பச்சையாக வந்தது. ஏரி முற்றிலும் தெளிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். இன்னொரு முறை அவ்வாறு எழுத எனக்கு நெஞ்சுரம் இல்லை.

பெயரை முறைப்படி மீட்க அதே கூடத்தில் மீண்டும் கூடினோம். இம்முறை சீட்டில் எழுதிப் போடும் வாக்கெடுப்பு. நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஜெபராஜ் சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். ‘ஏரி இன்னாச்சு.’ ‘ஏரி இன்னாச்சு.’ நானும் அதையே எழுதியிருந்தேன். எல்லாம் முடிந்து ஒரு சீட்டு எஞ்சியது. ஜெபராஜ் தயங்கினார். பிறகு மூச்சை இழுத்துப் படித்தார்: “தென்சென்னைப் புறநகர் நீர்நிலை நலங்காப்புப் பேரவை.”

கூடமே என் பக்கம் திரும்பியது. நான் எழுதவில்லை என்று ஆணையிட்டேன், எவரும் நம்பவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். அளவுகோல் வைத்து அடிக்கோடு இட்டிருந்தது. விடைக்கு அடிக்கோடு இடும் பழக்கம் எங்கள் வீட்டில் ஒருத்திக்கே உண்டு.

வீடு திரும்பும் வழியில் அவளைக் கேட்டேன்: “அன்று நாற்பத்து மூவர் நின்றபோது நீ நிற்கவில்லை. இன்று ஏன் இப்படி?”

“பாவம், ஒரு ஓட்டாவது விழட்டுமேன்னுதான்” என்றாள் ரோஸ்லின். “அம்பது நிமிஷம் பேசுனீங்களே.”

அஞ்சலை அந்தப் பதிவை இன்றுவரை மாற்றவில்லை. அந்தக் குரலுக்குத்தான் கீரை நன்றாகப் போகிறதாம். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு என் குரல் தெருமுனையில் திரும்பி, “ஏரி இன்னாச்சு?” என்று என்னையே கேட்டபடி எங்கள் வாசலுக்கு வருகிறது. உணவு மேசையிலிருந்து நான் எழுகிறேன். உடனே என் மகன் எழுகிறான், மருமகள் எழுகிறாள், பேரப்பிள்ளைகள் இருவரும் இட்டிலியைக் கையில் பிடித்தபடி விறைப்பாக எழுந்து நிற்கிறார்கள். நான் கையமர்த்தும் வரை ஒருவரும் அமர்வதில்லை.

ரோஸ்லின் மட்டும் அமர்ந்தபடியே தலையை எண்ணுகிறாள். “நாலு ஆதரவு, ஒண்ணு எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறிடுச்சுங்க. போய் ரெண்டு கட்டு முளைக்கீரை வாங்கிட்டு வாங்க.”